கரிச்சான் பாடுகிறதா, பட்டா கேட்கிறதா?

குண்டுக்கரிச்சான் பாடகன், புள்ளிமூக்கு வாத்து வெறும் கத்தல் பேர்வழி என்பது ஊரறிந்த தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு யாரும் போகாததால் அது நிலைத்துவிட்டது. ஆனால் சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. கரிச்சான் நாற்பது கிராம் தேறினாலே அதிகம். கறுப்பு அங்கி, வெள்ளை வயிறு என வக்கீல் உடுப்பிலேயே திரிகிற ஆண், வெயில் காலம் தொடங்கியதும் விடியுமுன் ஆன்டெனா உச்சியில் ஏறி எழுப்பும் குரலைச் சங்கீதம் என்கிறோம். அதன் சாரம் இவ்வளவே: இந்தக் கொல்லை என்னுடையது, பெண்கள் வரலாம், ஆண்கள் வேலிக்கு வெளியே நிற்கவும். அடுத்த தெருக் கரிச்சான் பதில் கொடுத்தால் நாம் ஜுகல்பந்தி என்று சொக்குகிறோம். அங்கே நடப்பதோ எல்லைத் தகராறு. கூடு கட்டும் பருவம் முடிந்ததும் இதே வித்வான் ராகத்தை மூட்டை கட்டிவிட்டு, புதருக்குள் பதுங்கிக் கரகரப்பாகச் சீறுவதோடு நிறுத்திக்கொள்கிறார். கலைக்காகப் பாடுகிறவர் இப்படிப் பருவம் பார்ப்பாரா?

வேடந்தாங்கல், கரிக்கிலி ஏரிகளில் காணும் புள்ளிமூக்கு வாத்துக்கோ அலகின் அடியில் இரண்டு சிவப்புப் புள்ளி, நுனியில் மஞ்சள், ஒரு கிலோவை ஒட்டிய கனம். உரக்கக் கத்துவது பெண்தான். ஆணுக்கு அடங்கிய கரகரப்பு. தாய் குரல் கொடுக்க, பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் வரிசையாகத் தண்ணீருக்கு இறங்கிவிடும். இது பேச்சு, கேட்பவர் உண்டு, பயன் உண்டு.

கரிச்சானின் குரலுறுப்பு மூச்சுக்குழல் பிரியுமிடத்தில் இருபுறமும் தனித்தனியே ஒலிக்க வல்லது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆண் வாத்துக்கும் அதே இடத்தில் எலும்புக் குமிழ் ஒன்று இருக்கிறது. இருந்தும் அது அடக்கி வாசிக்கிறது. இதற்குப் பெயர் பண்பு. வாத்தின் குரலை மலைகூடத் திருப்பிச் சொல்லாது என்ற வதந்தியை இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஒலியியலாளர் டிரெவர் காக்ஸ் 2003-இல் டெய்சி என்ற வாத்தை வைத்துச் சோதித்தார். எதிரொலி உண்டு, கத்தல் தேய்ந்து முடிவதால் அதைப் பிரித்துக் கேட்பதுதான் கடினம். எஞ்சிய ஆட்சேபம் ஒன்று: கரிச்சான் வங்கதேசத்தின் தேசியப் பறவை, பழைய இரண்டு டாக்கா தாளிலும் அதன் படம் இருந்தது. விடியுமுன் எழுந்து எல்லையைக் கத்திக் காக்கும் பறவையை ஓர் அரசு தேர்ந்தெடுத்ததில் வியக்க என்ன இருக்கிறது? அந்தச் சான்றையும் எம் கட்சியிலேயே சேர்த்துக்கொள்கிறோம்.