கூடவே இருந்தவள்: காமிக்ஸ் கேள்வி-பதில்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே தொகுப்பைப் பற்றியவை. மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரேஸும் சேர்ந்து படைத்த டீன் டைட்டன்ஸ் கதை, 'தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்'.

கேள்வி: பேட்மேனும் சூப்பர்மேனும் இருக்க, இந்தப் பொடிசுகளுக்கு என்ன வேலை?

பதில்: வளர்வது! பெரியவர்கள் உலகத்தைக் காப்பாற்றுவார்கள், ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பார்கள். 1964-ல் ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலாட் என்று பெரிய நாயகர்களின் உதவியாளர்கள் மூவரை ஒரே கதையில் சேர்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அணி. 1980-ல் வுல்ஃப்மேனும் பெரேஸும் அதைப் புதிதாகக் கட்டினார்கள். பாதி உடல் இயந்திரமாகிவிட்ட சைபோர்க், வேற்றுக்கிரக இளவரசி ஸ்டார்ஃபயர், அரக்கனுக்கு மகளாகப் பிறந்த ரேவன் எல்லாம் அப்போது வந்தவர்கள்தான். ஆளாளுக்கு வீட்டில் ஒரு ரணம் இருந்ததால், அணியே அவர்களுக்கு வீடானது.

கேள்வி: வில்லன் யார்? வழக்கம்போல உலகத்தை ஆள நினைப்பவனா?

பதில்: இல்லை, மகனைப் பறிகொடுத்த அப்பன். டைட்டன்ஸைத் தீர்த்துக்கட்ட 'ஹைவ்' என்ற கும்பலிடம் வேலையை ஏற்ற கிராண்ட் வில்சன், அதை முடிக்காமலே இறந்துபோகிறான். மகன் விட்ட வேலையைத் தந்தை ஸ்லேட் வில்சன் கையில் எடுக்கிறான். டெத்ஸ்ட்ரோக் என்ற பெயரில் கூலிக்குக் கொல்லும் அவனைப் பார்த்து நமக்குப் பயமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

கேள்வி: அணிக்குள்ளேயே ஓர் எட்டப்பன் உண்டாமே? பெயரைச் சொன்னால் சுவாரசியம் போய்விடுமா?

பதில்: போகாது. டெர்ரா என்ற சிறுமி. மண்ணையும் பாறையையும் ஆட்டிவைப்பவள். 1980-ல் தொடங்கிய தொடரில், 1982-ல் 26-ஆம் இதழில் வந்தாள். 1983-ல் 34-ஆம் இதழிலேயே அவள் டெத்ஸ்ட்ரோக்கின் ஆள் என்று வாசகர்களிடம் போட்டு உடைத்துவிட்டார்கள். டைட்டன்ஸுக்குத்தான் 1984 வரை தெரியாது. அத்தனை மாதமும் அவள் அவர்களோடு சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள். நமக்கோ ஒவ்வொரு சிரிப்புக்கும் நெஞ்சு படபடக்கிறது. கடைசிப் பக்கத்தில் வரும் திடீர்த் திருப்பத்தைவிட இது நூறு மடங்கு பலமானது.

கேள்வி: வாசகர்கள் அவளை எப்படி நம்பினார்கள்?

பதில்: அதில் பாதிப் புண்ணியம் பெரேஸின் பேனாவுக்கு. அவளை அழகுப் பதுமையாக வரையவில்லை. சற்றே எடுப்பான பல், பெரிய கண்கள், துறுதுறு முகம் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணாக வரைந்தார். அந்தக் கண்ணில் இருந்த கான்டாக்ட் லென்ஸே கேமரா! எக்ஸ்-மென் அணியில் கிட்டி பிரைட் என்ற சின்னப் பெண் எல்லோருக்கும் செல்லமாகியிருந்த காலம் அது. இவளும் அப்படித்தான் என்று வாசகர்கள் எண்ணிக்கொண்டார்கள். ஆனால், துரோகம் செய்துவிட்டுச் சாகப்போகிறவள் என்று தீர்மானித்துத்தான் படைப்பாளிகள் அவளை உருவாக்கினார்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது பத்து. வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: சில வருடம் பொறுங்கள். பிறகு கொடுக்கும்போது நீங்களும் படியுங்கள். டெர்ராவுக்கு வயது பதினாறை ஒட்டி. ஸ்லேட் வில்சனோ பிள்ளை பெற்று வளர்த்த ஆள். இருவருக்கும் இடையே தகாத உறவு இருப்பதைக் கதை காட்டுகிறது. அவள் அழிவுக்கு அவளே பொறுப்பு, அவள் மனமே பித்துப்பிடித்தது என்றும் தீர்ப்பு எழுதிவிடுகிறது. இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் கொடுமைக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொடுமையைக் கூலிக்கு அமர்த்தி, ஊட்டி வளர்த்த பெரியவன் ஒருவன் பக்கத்திலேயே நிற்கிறான். அவளுக்குத் தீர்ப்பு எழுதியாயிற்று; அவன் பெயரிலோ பின்னாளில் தனி இதழ்களே வந்தன. பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசவேண்டிய இடம் இது. பேசவைக்கிறது என்பதற்காகவே இந்த நூலை நான் விடமாட்டேன்.

கேள்வி: ராபின் 'நைட்விங்' ஆனது இந்தக் கதையில்தானா?

பதில்: ஆமாம், 1984-ல். பேட்மேனின் உதவியாளன் ராபினாக இருந்த டிக் கிரேசன், முந்தைய இதழொன்றிலேயே அந்த உடையைக் களைந்துவிடுகிறான். கொஞ்ச காலம் உடையும் இல்லை, பெயரும் இல்லை. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கடத்தப்பட்ட பிறகுதான் புதுக்கோலத்தில் வருகிறான். பேட்மேனின் நிழலிலிருந்து கோபித்துக்கொண்டு ஓடாமல், பொறுப்பை ஏற்றபடி வெளியே வருகிறான் பாருங்கள், அங்கேதான் அவன் பெரியவனாகிறான்.

கேள்வி: கார்ட்டூனில் பார்த்துவிட்டேனே, புத்தகம் எதற்கு?

பதில்: 2003-ல் தொடங்கிய கார்ட்டூன் தொடரில் டெர்ரா மனம் மாறுகிறாள், நண்பர்களைக் காப்பாற்றிக் கல்லாகிறாள். புத்தகத்தில் மனமாற்றமே இல்லை. தன் வெறியில் தானே சரித்த பாறைகளுக்கு அடியில் சாகிறாள். அதன் பிறகும் டைட்டன்ஸ் அவளை நண்பர்கள் சூழ அடக்கம் செய்கிறார்கள்.

கேள்வி: இந்த ஒரு தொகுப்பு மட்டும் போதுமா?

பதில்: கதை புரியும், வலிக்காது. 1988-ல் வந்த தொகுப்பு, டெர்ராவின் குட்டு வாசகர்களுக்கு வெளிப்பட்ட பிறகு வந்த இதழ்களில் தொடங்குகிறது. அவளை நேசிக்க வைத்த இதழ்கள் அதற்கு முன்னால் இருக்கின்றன. 1980-லிருந்து வந்த இதழ்களின் தொகுப்புகள் வரிசையாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து வாருங்கள்.

கேள்வி: ஆக, யாரையும் நம்பாதே என்பதுதானே நீதி?

பதில்: நேர்மாறு! நண்பர்கள் சிக்கிய பிறகு டிக் கிரேசனுக்குத் துணை என்று வந்தவர்கள் யார்? டெத்ஸ்ட்ரோக்கின் முன்னாள் மனைவி அட்லீனும், அவன் இளைய மகன் ஜெரிக்கோவும். அப்பாவின் தொழில் செய்த வினையால் சிறுவயதிலேயே கழுத்து அறுபட்டுக் குரலை இழந்தவன் ஜெரிக்கோ. கண்ணோடு கண் பார்த்தால் எதிராளியின் உடலுக்குள் புகுந்துவிடும் ஆற்றல் உள்ளவன். கூடவே இருந்தவள் கழுத்தறுத்த அதே நாளில், கொலைகாரனின் வீட்டாரையே நம்பவேண்டிய நிலை டிக்குக்கு. சூடு கண்ட பூனையாக அவன் பின்வாங்கியிருந்தால் டைட்டன்ஸில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். நம்பினான். எல்லோரும் பிழைத்தார்கள். ஜெரிக்கோ அணியிலும் சேர்ந்தான்.