பேட்ச் போட்ட காலம்

2008 கோடை விடுமுறை முழுக்க எங்களுக்கு மைதானம் மதுரை கோரிப்பாளையத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டர்தான். மணிக்கு 15 ரூபாய். ஆறு கம்ப்யூட்டரில் நான்கு நெட் பார்க்க வருகிறவர்களுக்கு. சுவரோரம் இருந்த இரண்டில் காலை முதல் இரவுவரை ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ ஓடும். ஒருவன் ஆடுவான், நாலு பேர் பின்னால் நின்று ஃபீல்டர் எங்கே நிற்கிறான் என்று சொல்வோம். அவுட்டானால் எழுந்து இடம் கொடுத்துவிட வேண்டும். அதில் தகராறே வந்ததில்லை.

அந்தக் கேமைச் செய்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் ஹெச்.பி. ஸ்டூடியோஸ். 2006 நவம்பரில், ஆஷஸ் தொடரையொட்டி வெளிவந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளுக்கு உரிமம் வாங்கியிருந்தார்கள், இந்தியாவுக்கு இல்லை. அதனால் நம் வீரர்களின் பெயர்களெல்லாம் எழுத்து மாறித் திரிந்து கிடந்தன. டெண்டுல்கர் இல்லாத இந்திய அணியை வைத்து எப்படி ஆடுவது? சென்டர் வைத்திருந்த அண்ணன் ஒருநாள் பென் டிரைவில் வீரர் பெயர்ப்பட்டியல் மாற்றிய ரோஸ்டர் ஃபைல் ஒன்று கொண்டுவந்தார். மை டாக்குமென்ட்ஸ் உள்ளே அதைப் போட்டு, கேமை மூடித் திறந்தார். ஸ்கோர்கார்டில் டெண்டுல்கர், கங்குலி, டிராவிட், தோனி! நாங்கள் போட்ட கூச்சலில் நெட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பேட்ச் பேட்சாக வந்தது. அந்த ஏப்ரலில்தான் ஐ.பி.எல். தொடங்கியிருந்தது. கொஞ்ச நாளில் மஞ்சள் சட்டை போட்ட சென்னை அணி எங்கள் திரையில் இறங்கிவிட்டது. சட்டை, பேட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், எல்லைக்கோட்டு விளம்பரப் பலகை, வீரர்களின் முகம் எல்லாமே எங்கெங்கோ இருந்த ரசிகர்கள் ராத்திரி கண்விழித்து வரைந்தவை. ஒருவரும் காசு கேட்கவில்லை. எந்த ஃபைலை எங்கே போட வேண்டும், எதை முதலில் பேக்கப் எடுக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்திருப்பார்கள். ஒன்று மாறிப்போனாலும் கேம் திறக்காது. முதலிலிருந்து இன்ஸ்டால் செய்வோம். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிக் கற்றதுதான்.

கிரிக்கெட் 08 வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. 09-ம் வரவில்லை. அந்த வரிசை 07-உடன் நின்றுபோனது. அதே ஈ.ஏ. 1993-இல் தொடங்கிய ஃபிஃபா கால்பந்து கேமுக்கோ ஆண்டு தவறாமல் அடுத்த பாகம் வந்துகொண்டிருந்தது. இங்கே எங்கள் தரப்புத் தவறைச் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. எங்களிடம் இருந்தது முப்பது ரூபாய்க்கு யாரோ எழுதிக் கொடுத்த சிடி. அதில் ஒரு பைசாகூட அந்தக் கேமைச் செய்தவர்கள் கைக்குப் போகவில்லை. அடுத்த பாகம் கேட்க நமக்கு என்ன உரிமை என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று என் அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்கு எல்லாம் ஒரிஜினல்தான். போன பொங்கலுக்குத் தாத்தா கொடுத்ததையும் தன் சேமிப்பையும் சேர்த்து, துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றின் புதிய பாகத்துக்கு வெளியாவதற்கு முன்பே பணம் கட்டினான். ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். டிஸ்க் வந்த அன்று மாலை போட்டான். ‘அப்டேட் தேவை’ என்றது திரை. இரவு முழுக்க இறங்கியது. காலையில் எழுந்து ஓடிப்போய்த் திறந்தால், இரண்டாவது கட்டத்திலேயே ஆள் தரைக்குள் இடுப்பளவு புதைந்து நின்றுவிட்டான். எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை.

“பரவாயில்ல மாமா, ரெண்டு மாசத்துல பேட்ச் விட்ருவாங்க” என்றான்.

அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. பேட்ச் என்றால் எங்களுக்குப் பிடித்த கேமுக்கு நாங்களே போட்ட அழகு. இவனுக்கோ அது முழு விலை வாங்கிக்கொண்டு குறையாகக் கொடுத்ததற்குப் பின்னால் வருகிற ஒட்டு.

பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கொரு பாகம் என்று ஓடுவதால் வருகிற கேடு இது. 2014 நவம்பரில் யுபிசாஃப்ட் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’யை வெளியிட்டபோது சிலருடைய திரைகளில் பாத்திரங்களுக்கு முகத்தோலே இல்லை; கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்து வரவிருந்த கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தது. 2016-இல் அந்த வரிசையில் பெரிய பாகம் எதையும் கொண்டுவராமல் ஒரு வருடம் விட்டது. 2017-இல் எகிப்தை வைத்து வந்த ‘ஒரிஜின்ஸ்’ எவ்வளவு செழிப்பாக இருந்தது என்று ஆடியவர்களுக்குத் தெரியும். ஒரு வருடம் பொறுத்ததற்கே அவ்வளவு பலன்.

இப்படிப்பட்ட பெரிய நிறுவனங்கள் சில தொடங்கிய கதையை நினைத்தால் மனம் இன்னும் கனக்கிறது. அட்டாரி நிறுவனத்தில் கேம் எழுதியவர்களுக்குப் பெட்டியில் பெயர்கூடப் போடவில்லை என்று மனம் வெறுத்து வெளியேறிய புரோகிராமர்கள் 1979-இல் ஆரம்பித்ததுதான் ஆக்டிவிஷன். 1982-இல் டிரிப் ஹாக்கின்ஸ் தொடங்கிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதாவது ஈ.ஏ., கேமை எழுதியவர்களைக் கலைஞர்கள் என்றே அழைத்தது; இசைத்தட்டு உறை போல அட்டை செய்து அவர்களை முன்னிறுத்தியது. அந்த ஆக்டிவிஷன் 2005 முதல் ஆண்டுதோறும் ஒரு ‘கால் ஆஃப் டூட்டி’ வெளியிடுகிறது; ஒரு ஸ்டூடியோ முடிக்கும்போது அடுத்த ஸ்டூடியோவின் பாகம் வரிசையில் நிற்கும். அவற்றை எழுதியவர்களில் ஒருவர் பெயரைச் சொல் என்று கேட்டேன். அக்கா மகனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

“ஜெர்சிய மாத்தி அதே கேமத்தான் விக்கிறான்” என்று ஃபிஃபா போன்ற கால்பந்து கேம் ஆடுகிற பையன்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு செப்டம்பரில் வாங்கவும் செய்கிறார்கள். நண்பர்கள் எல்லோரும் புதிய பாகத்துக்குப் போய்விட்டால் பழையதில் யாரோடு ஆடுவது? ஃபிஃபா 09-இல் வந்த ‘அல்டிமேட் டீம்’ இந்தக் கட்டை இன்னும் இறுக்கியது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சீட்டுக்கட்டைக் காசு கொடுத்துப் பிரித்து வீரர்களைச் சேர்க்கலாம். அடுத்த பாகம் வந்ததும் அணியைப் பூஜ்ஜியத்திலிருந்து கட்ட வேண்டும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இப்படிப்பட்ட கட்டுகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. மறு ஆண்டு அந்நாட்டில் மட்டும், கட்டுகளை வாங்கப் பயன்படும் பாயின்ட் விற்பனையை ஈ.ஏ. நிறுத்தியது. பதினாறு வயதுப் பையனிடம் இப்படி விற்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அடுத்தடுத்து பாகம் வருவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 2003, 2004, 2005 என்று மூன்று ஆண்டில் மூன்று ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ வந்தபோது ஒவ்வொன்றுக்கும் தவம் கிடந்தவன் நான். புதியது வரட்டும். பழையதை எடுத்துக்கொண்டு போகாதே என்பதுதான் என் வழக்கு. 2023-இல் ஈ.ஏ. கால்பந்து ‘எஃப்சி 24’ என்று பெயர் மாறியபோது ஃபிஃபா பெயரில் இருந்த பழைய பாகங்கள் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. 2014-இல் வந்த ‘தி க்ரூ’ கார் பந்தயத்தின் சர்வரை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று மூடியது; காசு கொடுத்து வாங்கியவர் தனியாகக்கூட ஓட்ட முடியவில்லை. இதைப் பார்த்து, விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் கோரிக்கையில் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். திட்டிக்கொண்டே வாங்குகிறவர்கள் என்று கேம் ஆடுபவர்களைப் பற்றி நினைத்திருந்த எனக்கு அது பெரிய தெம்பு.

என் பழைய லேப்டாப்பில் கிரிக்கெட் 07 இன்னும் இருக்கிறது. இந்தக் கால ஐ.பி.எல். அணிகளின் பேட்சைப் போட்டு, டிசம்பர் லீவில் அக்கா மகனிடம் கொடுத்தேன். “கிராஃபிக்ஸ் பழசு மாமா” என்றவன் இரவு பதினொரு மணிக்கும் எழுந்திருக்கவில்லை. புது மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆட, வர்ணனை சொன்னது ரிச்சி பெனோ. 2015-இல் காலமானவர்.

கேம் வாங்குகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வெளிவராத கேமுக்கு முன்பணம் கட்டாதீர்கள். வந்து இரண்டு வாரம் போகட்டும், ஆடியவர்களைக் கேளுங்கள், இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். பிறகு வாங்குங்கள். பழைய டிஸ்க்கை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.