அட்டைப் புறத்திணையியல்

பங்குனி மாதம். உளுந்துச் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டுக்கொண்டிருந்த நேரம். நாகப்பட்டினம் நீலா கீழ வீதிக்குப் பின்னால், முன்பு சைக்கிள் கடையாக இருந்த பத்துக்குப் பன்னிரண்டு அறையில் என் மச்சினன் கம்பெனி தொடங்கினான். சரக்கு: உளுந்து, பச்சைப்பயறு, காலிச் சாக்கு. முதலீடு: அவன் சேமிப்பும், அவனுடைய அக்காவின், அதாவது என் மனைவியின், இரண்டு வளையலும். தராசு வந்தது, கல்லாப்பெட்டி வந்தது, பூஜையும் போட்டாயிற்று. அன்று சாயங்காலமே என்னிடம் வந்தான்.

“அத்தான், விசிட்டிங் கார்டு அடிக்கணும். நீங்கதான் தமிழ் படிச்சவங்க. நாலு வரி மேட்டர் எழுதிக் குடுங்க.”

நாலு வரி கேட்டவனுக்கு நாலு மாதம் கழித்துக் கொடுத்த ஆய்வேடு இது. அவன் இன்னும் படிக்கவில்லை. ஆகவே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

முதலில் ஆய்வுப்பொருளின் பெயர். அறிமுக அட்டை, முகவரி அட்டை, வணிக அட்டை என்று மூன்று பாடபேதங்கள் உண்டு. மூன்றும் கடைத்தெருவில் வழக்கில் இல்லை. “ஒரு கார்டு குடுங்க” என்றால் போதும்; ரேஷன் கார்டை யாரும் எடுத்து நீட்டுவதில்லை. வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகள் பிறந்த மண்ணில் உட்கார்ந்து ‘கார்டு’ என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிராயச்சித்தமாகப் பாதி இடங்களில் ‘அட்டை’ என்று எழுதுவேன். வயலில் அட்டை காலைப் பிடிக்கும். கடைத்தெருவில் சட்டைப் பையைப் பிடிக்கும்.

அடுத்தது தரவு. மாமனாரின் மேஜை இழுப்பறை, இரண்டு மண்டிகளின் கல்லாப்பெட்டி, ஒரு சலூன் கண்ணாடியின் இடுக்கு ஆகிய இடங்களில் அட்டைகளைத் திரட்டினேன். எண்ணவில்லை. நெல்லை யாராவது எண்ணுவார்களா? அளந்தேன். படியால் தலைதட்டி ஒன்றே முக்கால் படி.

இவற்றைக் காலவரிசைப்படுத்துவதுதான் பெரும்பாடு. கல்வெட்டிலாவது அரசனின் ஆட்சியாண்டு இருக்கும். அட்டையில் ஆண்டே இருப்பதில்லை. முகவரியின் கடைசி வரியை வைத்துக் காலம் கணிக்கும் முறை ஒன்றை உருவாக்கினேன். நாகைக்காரர் ‘தஞ்சாவூர் மாவட்டம்’ என்று போட்டிருந்தால் அட்டை 1991 அக்டோபர் 18க்கு முந்தையது; அன்றுதான் நாகை தனி மாவட்டமானது. திருவாரூர்க்காரர் ‘நாகை மாவட்டம்’ என்று போட்டிருந்தால் 1997க்கு முந்தையது. மயிலாடுதுறைக்காரர் போட்டிருந்தால் 2020 டிசம்பருக்கு முந்தையது, அல்லது பழைய ஸ்டாக் இன்னும் தீரவில்லை. மயிலாடுதுறையில் ஒரு கடை, திண்ணையைக்கூட மாற்றிக் கட்டாமல், இருந்த இடத்திலிருந்தே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. அச்சகத்துக்காரருக்கு மாவட்டப் பிரிப்பைப் போல ஒரு மகசூல் கிடையாது.

பின்கோடு இல்லாத அட்டை 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தியதாக இருக்கலாம். ‘தந்தி’ என்று ஒரு வரி இருந்தால் 2013 ஜூலைக்குப் பிறகு அதற்குப் பொருளில்லை. 11 இலக்க டின் எண் 2007இல் வந்த வாட் வரியின் படிவு. அதற்கு மேல் மண்ணடுக்கு 2017 ஜூலை 1இல் வந்த ஜி.எஸ்.டி. எண்: 15 இடம். முதல் இரண்டு 33, தமிழ்நாடு. அடுத்த பத்து பான் எண். பதினாலாம் இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு இசட் உட்கார்ந்திருக்கிறது, கூட்டுக் குடும்பத்தில் வேலை ஏதும் இல்லாத பெரியப்பாவைப் போல. அவர் பெயரை விட்டுவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பாருங்கள், தெரியும்.

இனிச் சிறப்புச் சான்று ஒன்று. மாமனாரின் இழுப்பறையில் அடியில் கிடந்தது. ஒரு ரைஸ் மில்லின் அட்டை. ஐவரி போர்டு, ஓரம் மஞ்சளித்து விட்டது. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழ் எழுத்துக் கோத்து அடித்த பெயர். விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் தெரிகிறது. போன் எண் இரண்டே இலக்கம். இவ்வளவும் அகம், அதாவது முன்பக்கம். திருப்பினால் புறம். புறத்தில் பென்சிலில், மாமனாரின் சாய்ந்த எழுத்தில்: “72 மூ. – 3 கழிவு. பாக்கி வெள்ளி.”

அந்த மில் இப்போது இல்லை. இரண்டு இலக்க போனும் இல்லை. மாமனாரும் இல்லை. அட்டை மட்டும் ஏன் இருக்கிறது? முன்பக்கத்துக்காக அவர் அதை வைத்திருக்கவில்லை; அந்த மில்லுக்கு வழி அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். 72 மூட்டைக்காக வைத்திருந்தார். ஒன்றே முக்கால் படியையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பிழைத்துக் கிடந்தவற்றில் பெரும்பாலானவற்றின் முதுகில் ஏதாவது எழுதியிருந்தது: கணக்கு, மாத்திரைப் பெயர், பஸ் நேரம். எனவே என் கருதுகோள்: அட்டை அகத்தால் அச்சாகிறது, புறத்தால் வாழ்கிறது.

இதற்கு முன்னோர் சான்று உண்டா எனின், உண்டு. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் ஒரு சின்னக் கல் கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்பர். கடல் கடந்து தொழில் செய்த பொற்கொல்லன் ஒருவனின் உரைகல் அது. பெயரைப் பொறிக்க அவன் தனியாக ஒரு கல் தேடவில்லை. தினம் பொன்னை உரைக்கும் கல்லிலேயே பொறித்தான். எகிப்தின் குசேர் அல் காதிம் துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று கீறியிருப்பதும் இவ்வகையே. பானை முதலில் பானை, பெயர் அப்புறம்.

லெய்டன் பல்கலைக்கழகம் வரை போன ஆனைமங்கலச் செப்பேடு இதற்கு மாறான சான்று ஆகாதோ எனின், ஆகாது. ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஊர் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. 21 ஏடு, வளையமும் முத்திரையும் சேர்த்துச் சுமார் 30 கிலோ. மூன்றரைக்கு இரண்டு அங்குலத்தில் 300 ஜி.எஸ்.எம். கார்டு ஒன்று 1.35 கிராம் என்று கணக்குப் போட்டேன்; ஆக அந்தச் செப்பேடு ஏறத்தாழ 22,000 கார்டுக்குச் சமம். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்ட முடியாது. ஆனால் அது நிலத்துக்கு உரிமைப் பத்திரம், எனவே பயன்படு பொருளே என்க.

அச்செப்பேட்டில் முகவரி சொல்லும் முறையை மட்டும் இன்றைய டி.டி.பி. ஆபரேட்டர்கள் கவனிக்க வேண்டும். ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திக் காட்டினார்கள். ‘பிடிசூழ்தல்’ என்று பெயர். யானை நடந்த வழியே எல்லை, அப்பீல் கிடையாது. நாம் ‘பஸ் ஸ்டாண்டு எதிரில்’ என்கிறோம். எந்த வாசலுக்கு எதிரில் என்று கேட்டால் பதில் இல்லை. என் மச்சினன் கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டிக்கும் ‘குட்டி யானை’ என்றுதான் பெயர். அதன் டிரைவரும் இதேபோல் நாலு வீதியைச் சுற்றி எல்லை கண்டபிறகே கடை வாசலில் நிற்கிறார். மரபு விட்டுப்போகவில்லை.

கம்பெனிப் பெயர் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. அவனுக்கு ‘இம்பெக்ஸ்’ வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வேண்டும்.

“மாப்ளே, நீ எதை இம்போர்ட் பண்றே?”

“வேதாரண்யத்துலேருந்து பயறு வருதுல்ல அத்தான்.”

“எக்ஸ்போர்ட்?”

“கும்பகோணம்.”

அவனை உட்காரவைத்துச் சரித்திரம் சொன்னேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தது. 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றியது. 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இருந்தது. அந்தக் கம்பெனியின் சின்னம் மூன்று எழுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது. உலகமே அதை அடையாளம் கண்டுகொண்டது. அப்பேர்ப்பட்ட கம்பெனி இந்த ஊரில் காசு அடித்தபோது ஊர்ப் பெயரைத் தமிழில்தான் பொறித்தது. வாங்குகிறவனுக்குப் புரிந்தால்தான் காசு செல்லும் என்பது ஹாலந்துக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. “நாகூர்த் தரகருக்கு ஆங்கில இம்பெக்ஸ் எதற்கு?” என்றேன். மச்சினன் தலையாட்டினான். மறுநாள் வந்து, “தமிழ்லயே இம்பெக்ஸ்னு போட்டுடலாம் அத்தான்” என்றான்.

அடுத்து பங்குதாரர் பெயர் போடும் இடம். அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்தால் யார் பெயர் மேலே என்பதில் கம்பெனியே உடைந்துவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வணிகக் குழு இதற்கு வழி கண்டது: திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர். தலைக்கட்டு எண்ணிக்கை மட்டும், ஒருத்தர் பெயரும் இல்லை. 1088இல் சுமத்ராவின் பாருஸ் பக்கம் தமிழில் கல்வெட்டு வைத்தபோதும் அதே பெயர்தான். என் மச்சினன் ஒரே ஆள் என்பதால் இந்த விதி இவ்விடத்துப் பயன்படவில்லை.

கப்பல் படம் வைப்பதா கூடாதா? அவன் காட்டிய மாதிரியில் கன்டெய்னர் ஏற்றிய ஒரு ராட்சதக் கப்பல் இருந்தது. அப்படியொன்று நாகைக் கரையை நெருங்கினால் தரை தட்டும். ஆனாலும் ஊருக்குக் கப்பல் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தேன். சிங்கப்பூர் போன ‘ரஜூலா’ இங்கே நின்று ஆள் ஏற்றிய ஊர். 2023 அக்டோபர் 14 அன்று காங்கேசன்துறைக்குச் ‘செரியபாணி’ புறப்பட்ட ஊர். போடட்டும், சின்னதாக.

இப்போது இக்கட்டுரையின் நடுக்கண்டம்: லேமினேஷன். இதைத் திணைக் கோட்பாடு கொண்டே விளக்க முடியும். நாகப்பட்டினத்தில் கிழக்கே நெய்தல், மேற்கே மருதம், நடுவில் தண்டவாளம்.

நெய்தல் அட்டை அக்கரைப்பேட்டையில் புழங்குவது. ஐஸ் தண்ணீர் சொட்டும் கையால் வாங்கி, ஈரப் பையில் செருகுவது. இதற்குப் பளபளவென்று லேமினேஷன் வேண்டும். இல்லாவிட்டால் முகவரி மதியத்துக்குள் கருவாடாகிவிடும். மருத அட்டை நெல், உளுந்து, பயறு பக்கத்தது. காய்ந்த கையால் வாங்கி, உடனே திருப்பி, மூட்டைக் கணக்கு எழுதுவது. இதற்கு லேமினேஷன் கூடாது; பேனா வழுக்கும். கருப்பொருளில் முதலாவது தெய்வம். நாகை, நாகூர், வேளாங்கண்ணி மூன்றும் ஒரே பஸ் ரூட்டில் இருப்பதால் அட்டைத் தலைப்பில் பிள்ளையார் சுழி, 786, சிலுவை ஆகிய மூன்றும் இத்திணைகளுக்குப் பொது. உரிப்பொருள் இலக்கண நூலார் சொன்னபடியே இருக்கிறது. நெய்தலுக்கு இரங்கல்: பாக்கிப் பணம் வரும் என்று கரையில் காத்திருத்தல். மருதத்துக்கு ஊடல்: ஈரத்துக்கு மூட்டைக்கு எவ்வளவு கழிவு என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல்.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் மச்சினன் ஆர்டர் கொடுத்துவிட்டான். ஆயிரம் கார்டு, மல்டி கலர், இரண்டு பக்கமும் பளபளப்பு. அதாவது உளுந்து வியாபாரிக்கு மீன் கார்டு. அச்சகம் எந்த ஊர் என்பது வேண்டாம். புரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. அவன் கப்பலை மட்டும் பார்த்துவிட்டு கட்டைவிரல் போட்டான். பார்சல் வந்து பிரித்தபோது செல் நம்பரில் ஓர் இலக்கம் தப்பு.

தப்பான நம்பருக்கு உரியவர் எங்கோ மேற்குப் பக்கத்து ஊரில் ஒரு அம்மாள். முதல் வாரம் திட்டினார். இரண்டாம் வாரம் சரியான நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்து மச்சினனையே கூப்பிட்டு, “தம்பி, இன்னைக்கு உளுந்து ஏறியிருக்காமே, நீங்க பழைய ரேட்டே சொல்றீங்களாமே” என்றார். விற்பனைப் பிரதிநிதி என்று அவர் பெயரையும் போட்டிருக்கலாம்.

ஆயிரத்தையும் திருத்த வேண்டும். பால்பாயிண்ட் பேனா அந்த வழுக்கலில் கோடுகூடப் போடவில்லை. சி.டி.யில் எழுதும் மார்க்கர் வாங்கினோம். ராத்திரி நானும் அவனும் என் மனைவியும் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினோம். மார்க்கர் காய்வதற்குள் அடுக்கியதால் ஒரு கார்டின் நம்பர் அடுத்த கார்டின் முதுகில் கண்ணாடி எழுத்தாகப் பதிந்தது. “என் வளையல்ல ஒண்ணு இதுக்கே போயிருக்கும்” என்றாள் அவள்.

இரண்டாம் பதிப்பு என் மேற்பார்வை. சுத்தத் தமிழ், சின்னக் கப்பல், சரியான நம்பர். பின்பக்கம் லேமினேஷன் இல்லை, அச்சு இல்லை, மூ., கி., ரூ. என்று மங்கலாக மூன்று கட்டம் மட்டும். மச்சினனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பின்னால் வெறும் வெளியாக விட்டதற்கும் சேர்த்துத்தானே காசு என்றான்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் கடையில் இருந்தேன். ஒரு குட்டி யானை இரண்டு தடவை வீதியைச் சுற்றிவிட்டு வந்து நின்றது. டிரைவர் இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். ஓரம் பஞ்சுபோல நைந்திருந்தது.

“அண்ணே, இந்தக் கடை எங்கண்ணே இருக்கு?”

“இதுதாம்பா” என்று வாங்கிய மச்சினன் திருப்பிப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். மூன்று கட்டத்தையும் நிரப்பி, வழிந்து, ஓரத்தில் குறுக்காகவும் எழுதியிருந்தது. மூன்று பேர் கையெழுத்து. “18 மூ. – 2 ஈரம்.” அதன் கீழே, “பாப்பா வேன் 8.10.” அதற்கும் கீழே, பக்கத்துத் தெருவில் இவனுக்குப் போட்டியாக உளுந்து வாங்குகிறவரின் பெயரும் அன்றைய ரேட்டும், இவன் ரேட்டைவிடக் கூட.

மச்சினன் கார்டைக் கல்லாப்பெட்டிக்குள் போடப் போனான்.

“அண்ணே, அண்ணே,” டிரைவர் கையை நீட்டினார், “அதைக் குடுத்துடுங்க. அதுல கணக்கு இருக்கு.”