நூறு மைல் பாசம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைக் கட்டியாளும் என்.சி.ஏ.ஏ. சங்கம் தாய்ப்பாசத்தின் நீளத்தை அளந்தே விட்டது: 100 மைல். மூளைக்கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்க்கு அருகில் இருக்க, பிராக் ஹாஃப்மன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 2019இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மாறியவர் ஒரு பருவம் ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி; அதிலிருந்து விலக்கு தந்து உடனே ஆட அனுமதி கேட்டார். வீடோ 105 மைல் தூரத்தில் இருந்தது. தாய் தேறி வருகிறார் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்து மறுத்தார்கள். எவ்வளவு நேர்மை! ஐந்து மைல் தள்ளிக் குடியிருந்தது குடும்பத்தின் குற்றம். குணமானது தாயின் குற்றம்.

எங்காவது கோடு போடத்தானே வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், இல்லாவிட்டால் மகன் ஆடுவதற்காக மூளையில் கட்டி வளர்க்கும் தந்திரக்காரத் தாய்மார் பெருகிவிடுவார்கள். நாமும் போடுவோம். கெர்லிங் தோட்டத்துப் பிள்ளை கோலாலம்பூரில் படித்தால் அம்மா தாராளமாக நோயில் விழலாம். ஜொகூர் பாருவில் படித்தால், முதலில் எத்தனையாவது கட்டை என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் காய்ச்சலுக்குப் படுக்கட்டும். ஹாஃப்மன் அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். 2021இல் அதே சங்கம், முதல்முறை மாறுகிறவர் காரணமே சொல்ல வேண்டாம், உடனே ஆடலாம் என்றது. 2024 முதல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம். மைல் கணக்கை யாரும் கேட்பதில்லை.