டார்கெட் சாமிக்குப் படையல்

மார்ச் மாதத்தில் வங்கிப் பக்கம் போகாதீர்கள். பிக்சட் டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போன எழுபது வயதுப் பெரியவர், பத்து வருஷம் பிரீமியம் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ் பாலிசியோடு திரும்புவார். "இயர் எண்டிங் சார், கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கிளை மேலாளர் கெஞ்சியிருப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு மேலே ரீஜனல், அதற்கு மேலே சோனல், எல்லோருக்கும் மேலே டார்கெட் சாமி. அந்தச் சாமி மனிதர்களைப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டும் கேட்கும். கொடுக்காவிட்டால் டிரான்ஸ்ஃபர்.

சாமி பிறந்த இடம் தொழிற்சாலை. அங்கே யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு ஷிப்டில் எத்தனை கார் இறங்கியது என்று தாராளமாக எண்ணலாம். காருக்கு வலிக்காது. வினை ஆரம்பித்தது, கார் எண்ணியவரைக் கூப்பிட்டுப் போரை நடத்தச் சொன்னபோது.

ராபர்ட் மெக்நமாரா. ஹார்வர்டில் பாடம் எடுத்தவர். உலகப் போரில் விமானப்படைக்குப் புள்ளிவிவரம் போட்டவர். 1946-ல் ஃபோர்டு கம்பெனிக்குப் போனார். 1960-ல் அதன் தலைவர். நாற்காலி சூடாவதற்குள் ஜனாதிபதி கென்னடி கூப்பிட்டார். 1961-ல் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சர். கார் விற்றவருக்குப் போர் தெரியுமா என்று கேட்பவன் பட்டிக்காட்டான். நிர்வாகம் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பதுதானே இந்த மதத்தின் முதல் மந்திரம்?

வியட்நாமில் போர்முனை என்று கோடு கிழிக்க முடியவில்லை. அப்புறம் முன்னேற்றத்தை எப்படி அளப்பது? பிணத்தை எண்ணினார்கள். எண்ணிக்கை கூடினால் வெற்றி, தளபதிக்குப் பெயர், பதக்கம். மேலிடம் பிணம் கேட்டால் பிணம் வரும். செத்தவன் வியட்நாமியன் என்றால் எதிரிதான் என்பது சிப்பாய்களின் வாய்ப்பாடு. 1968 டிசம்பரில் மீகாங் டெல்டாவில் தொடங்கி ஆறு மாதம் நடந்த ஒரு தாக்குதலில், சுமார் 10,900 எதிரிகளைக் கொன்றதாகக் கணக்குக் காட்டினார்கள். கைப்பற்றிய ஆயுதங்கள் 748. மற்றவர்கள் கையில் என்ன இருந்தது? நாற்றுக்கட்டா? கைக்குழந்தையா? யாரும் கேட்கவில்லை. அந்தப் படையின் தளபதிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்குள் மெக்நமாரா அமைச்சர் பதவியில் இல்லை. அவர் விட்டுப்போன கணக்குப் புத்தகம் இருந்தது.

இவ்வளவு பெரிய தோல்விக்கு என்ன தண்டனை? உலக வங்கித் தலைவர் பதவி. 1968 முதல் 1981 வரை. நம் ஊரில் ஒரு கிளார்க் பத்து ரூபாய் குறைத்து எழுதினால் மெமோ.

இப்போது நம் வீட்டுக் கதை. எமர்ஜென்சி. வடமாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குக் கூடக் கருத்தடை டார்கெட். ஆள் பிடித்து வராவிட்டால் சம்பளம் கிடையாது. கரும்பலகை முன் நிற்க வேண்டியவர் டீக்கடை முன் நின்று ஆள் தேடினார். ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது. 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சைகள். வைத்த இலக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான்! இந்தத் தேசத்தில் எந்த அரசுத் திட்டமாவது இலக்கைப் போல இரண்டு மடங்கு சாதித்தது உண்டா? ரோடு போட்டார்களா, பள்ளிக்கூடம் கட்டினார்களா? கத்தி என்றதும் என்ன சுறுசுறுப்பு! அறுவைக்குப் பின் 1,774 பேர் இறந்ததாக, எமர்ஜென்சியை விசாரித்த ஷா கமிஷன் எழுதி வைத்தது.

அதே 1976-ல் டெல்லிக்கு ஒரு விருந்தாளி வந்தார். உலக வங்கித் தலைவர் மெக்நமாரா. இங்கே இலக்கு வைத்தவர் அவர் இல்லை. இந்தியா ஒருவழியாக மக்கள்தொகைப் பிரச்சினையில் இறங்கிவிட்டது என்று பாராட்டியவர். கார், பிணம், கருத்தடை. சரக்கு எதுவானால் என்ன, அவர் பார்த்தது கூட்டல் சரியாக வருகிறதா என்று.

1996-ல் கருத்தடை இலக்குகளை ஒழித்துவிட்டோம் என்றது மத்திய அரசு. காகிதத்தில். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம், பாழடைந்து கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. செய்தவர் ஒரே டாக்டர். அங்கும் அடுத்து நடந்த முகாம்களிலுமாக 13 பெண்கள் செத்தார்கள். அந்த வருஷத் தொடக்கத்தில்தான், 50,000 அறுவைகள் முடித்த சாதனைக்காக அந்த டாக்டருக்கு மாநில அரசு விருது கொடுத்திருந்தது. எண்ணுக்கு விருது கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

ஏழை நாட்டில்தான் இப்படி என்று பெருமூச்சு விட வேண்டாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டுக் கணக்குகளைக் கட்டச் சொன்னது. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் 'எய்ட்'டுக்கு 'கிரேட்' எதுகையாக வருகிறதாம். நிர்வாக மேதைமை! ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறந்தார்கள். 2016-ல் குட்டு உடைந்தது. வேலை போனது சுமார் 5,300 பேருக்கு. வங்கியின் தலைவர் முதலில் குற்றம் சொன்னது கீழே இருந்தவர்களை.

அதே அமெரிக்காவின் அட்லாண்டாவில் பள்ளித் தேர்வு மார்க்கை டார்கெட் ஆக்கினார்கள். ஆசிரியர்கள் ரப்பரை எடுத்துப் பிள்ளைகளின் தப்பான விடைகளை அழித்துத் திருத்தினார்கள். 44 பள்ளிகள், 178 பேர் என்று 2011 விசாரணை அறிக்கை சொன்னது. அந்தப் பள்ளி மாவட்டத்தின் தலைவர்தான் 2009-ல் தேசத்தின் சிறந்த கல்விக் கண்காணிப்பாளர் என்று விருது வாங்கியவர். இங்கிலாந்தில், அவசர சிகிச்சைப் பிரிவில் நான்கு மணி நேரக் கெடு வைத்தார்கள். நோயாளிகள் வாசலில் ஆம்புலன்சுக்குள்ளேயே காத்திருந்தார்கள். உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடும்! நாமும் சளைத்தவர்களா? ஜன்தன் கணக்குகளில் பல காலியாகக் கிடக்கிறதே என்று மேலிடம் முகம் சுளித்தது. வங்கி ஊழியர்கள் கணக்குக்கு ஒரு ரூபாய் போட்டார்கள். வறுமை ஒழிந்தது, கணக்கில்.

ஓர் அளவை இலக்காக்கிப் பிடித்து அழுத்தினால் அது பொய்யாகிவிடும் என்று சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார நிபுணர் 1975-லேயே எச்சரித்தார். மேலாண்மைப் படிப்பில் அதைச் சொல்லித்தருகிறார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கி, வேலைக்குச் சேர்ந்த மறுநாள் எக்செல் ஷீட்டில் டார்கெட் போடுகிறார்கள்.

உலக வங்கியே சிக்கியதுதான் உச்சம். தொழில் செய்ய எந்த நாடு எளிது என்று வருஷா வருஷம் ரேங்க் போட்டது. இந்தியா 142-லிருந்து 63-க்கு ஏறியதும் இங்கே தாரை தப்பட்டை. நம் ஊரில் ஒரு டிபன் கடைக்கு லைசென்ஸ் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த 63-ன் லட்சணம். 2018-ம் ஆண்டு அறிக்கையில் சீனாவுக்கு 85 வர வேண்டிய இடத்தில் 78 வந்தது. வங்கி அப்போது உறுப்பு நாடுகளிடம் மூலதனம் கேட்டுக்கொண்டிருந்தது. விசாரணையில் விஷயம் வெளியே வந்து, 2021 செப்டம்பரில் பட்டியலுக்கே மூடுவிழா நடத்தினார்கள்.

2024-ல் 'பி-ரெடி' என்று புதுப் பட்டியல் வந்துவிட்டது. முதல் தவணையில் 50 நாடுகள். மற்ற நாடுகள் பரீட்சைக்குத் தயாராகின்றன. ரப்பர் ஸ்டாக் இருக்கிறது.