பெட்டி பழசு, ஃபோம் புதுசு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவைப் பக்கம் மண் டிராக்கில் நாங்கள் ஓட்டிய வண்டிகள் பந்தயத்துக்கென்று பிறந்தவை அல்ல. யமஹா ஆர்எக்ஸ் 100-இன் ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் கழற்றிவிட்டு, மண்ணைக் கவ்வும் முரட்டு டயர் மாட்டி இறக்குவோம். 1985-இல் எஸ்கார்ட்ஸ் இங்கே தயாரிக்கத் தொடங்கிய வண்டி. 98 சி.சி., 11 குதிரைத்திறன். அசல் மோட்டோகிராஸ் வண்டிகளைப் பத்திரிகைப் படங்களில்தான் பார்த்திருந்தோம்.

ஓடி முடித்த வண்டி பட்டறைக்குத் திரும்பியதும் முதல் வேலை ஏர் ஃபில்டர்தான். மெக்கானிக் அண்ணன் இதில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. “வண்டியத் தொடைக்கறது இருக்கட்டும் கண்ணு, மொதல்ல பொட்டியத் தொற” என்பார். ஏர் பாக்ஸைத் திறந்தால் எந்த மண்ணில் ஓடினோம் என்பதை ஃபோமே காட்டிவிடும். செம்மண் மாவாகப் படிந்திருக்கும். கரிசல் எண்ணெயோடு குழைந்து அப்பியிருக்கும்.

நீல நிற ரேஷன் மண்ணெண்ணெயில் முக்கி அழுக்கை எடுப்போம். துணி பிழிவதுபோல் முறுக்கக் கூடாது. ஒட்டுப் போட்ட இடம் பிரிந்துவிடும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்க வேண்டும். பெட்ரோலில் அலசினால் சீக்கிரம் முடியும் என்று யாராவது கையை நீட்டினால் அண்ணன் தடுப்பார். தீப்பிடிக்கும், ஒட்டும் விடும். அடுத்து சோப்புத் தண்ணீர், பிறகு நிழலில் உலர்த்தல். நன்றாகக் காய்ந்தபின் 90 நம்பர் கியர் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, எல்லாப் பக்கமும் சீராகப் பரவும்வரை பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிடுவோம். வறண்ட ஃபோம் பெருந்துகளைத்தான் நிறுத்தும். நுண்தூசியைப் பிடித்து வைப்பது எண்ணெய். கடைசியாக ஃபோம் உட்காரும் விளிம்பில் மெல்லிய கிரீஸ், தூசி ஓரமாகப் புகுந்துவிடாதபடி.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் காற்று நேரே சிலிண்டர் தலைக்குப் போகிறது. டூ-ஸ்ட்ரோக்கிலோ கார்புரேட்டரைத் தாண்டிய காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பேரிங்குகளைத் தொட்டு, பிறகுதான் மேலே ஏறுகின்றன. உள்ளே புகுந்த மண் கிராங்க் பேரிங், பிஸ்டன், ரிங், சிலிண்டர் என்று ஒன்றையும் விடாது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள் அலுமினியப் பிஸ்டனைவிடக் கடினமானது. எண்ணெயோடு சேர்ந்தால் உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ஃபோம் அடைத்துக்கொண்டால் வண்டி உடனே சொல்லிவிடும். காற்று குறைந்து பெட்ரோல் மிகும், பிளக் கறுப்படிக்கும், பிக்கப் செத்துவிடும். கிழிந்த ஃபோம்தான் ஆபத்து. வண்டி நன்றாக ஓடுவதாகவே தோன்றும்; தேய்மானம் உள்ளே நடக்கும். அதனால் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைத் துடைத்துப் பார்ப்போம். துணியில் மண் தெரிந்தால் வண்டியை அன்று ஸ்டார்ட் செய்ய மாட்டோம்.

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றது. இன்று நல்ல நிலையில் உள்ள வண்டி லட்சத்தைத் தாண்டி விலை போகிறது. எங்கள் காலத்து மண்ணெண்ணெய் போய், ஃபோமுக்கென்றே தனிக் கிளீனரும் தனி எண்ணெயும் வந்துவிட்டன. அந்த எண்ணெயை நான் மனமார வரவேற்கிறேன். கண்ணுக்குத் தெரியும் நிறம் இருப்பதால் எங்கே படவில்லை என்று உடனே தெரிகிறது. கரைப்பான் ஆவியானபின் பிசுபிசுப்பு மட்டும் நிற்பதால் கியர் ஆயிலைப்போல் வழிந்து கீழே தேங்குவதும் இல்லை. இது அன்று கிடைத்திருந்தால் எத்தனையோ சிலிண்டர்கள் ரீபோருக்குப் போயிருக்காது.

ஆனால் இளைஞர்கள் கொண்டுவரும் வண்டிகளைத் திறந்து பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. சத்தம் கூடவேண்டும் என்று ஏர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டர் வாயில் கூம்பு ஃபில்டரை மாட்டுகிறார்கள். அந்தப் பெட்டி வெறும் உறை அல்ல. அதற்குள் எவ்வளவு காற்று, எந்த வேகத்தில் வரும் என்று கணக்கிட்டுத்தான் ஜெட் அளவு வைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியை எடுத்துவிட்டு ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் காற்று மிகுந்து, சூடேறி, பிஸ்டன் சீஸ் ஆகும். சக்கரம் வாரியடிக்கும் தூசியும் நேரே ஃபில்டர்மீது விழும்.

பெட்டியைத் தூக்கி எறிகிறவர்கள் ஒருபக்கம் என்றால், ஃபோமைப் பொக்கிஷமாக வைத்திருப்பவர்கள் மறுபக்கம். அக்காலத்திலிருந்து பாக்கெட் பிரிக்காமல் கிடந்த கம்பெனி ஃபோமைத் தேடிப் பிடித்து, அதிக விலை கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள். பாலியூரித்தேன் ஃபோம் ஓடினால்தான் கெடும் என்பதில்லை. காற்றிலுள்ள ஈரமே வருடக்கணக்கில் அதை அரித்துவிடும். பார்வைக்குப் புதிது, விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியைத்தான் எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். ஷெட்டில் கவர் போட்டு நிற்கும் வண்டிக்கும் இதே கதிதான். எங்கள் வண்டிகளுக்கு எதிரி தூசி. இவர்கள் வண்டிகளுக்குச் சும்மா நிற்பதே எதிரி.

ஒரு பழைய வண்டியைக் காப்பாற்றுவது என்றால் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று தெரிந்திருப்பதுதான். பெட்டி, அதன் ரப்பர் குழாய், மூடி, கிளிப் ஆகியவற்றை அசலாகவே வைத்திருங்கள். அவை இனிக் கிடைப்பது அரிது. ஃபோமை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதே கனத்தில், அதே துளை அளவில் இன்றும் வெட்டித் தருகிறார்கள். மொத்த வண்டியில் அதைவிட மலிவான பாகம் அதிகம் இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து, ஃபோமை விரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் குப்பையில் போடுங்கள், அதில் கம்பெனி முத்திரையே இருந்தாலும்.