விண்டோஸ் இல்லாதவர்களுக்கு விண்டோஸ் கோரும் விண்ணப்பம்

பெறுநர்:
மைக்ரோசாப்ட் நிறுவனம்,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: மேக், லினக்ஸ் கணினிகளில் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ் தயாரித்தல் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இந்த நிமிடமும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு விண்டோஸ் மடிக்கணினி நீலத்திரை காட்டிப் படுத்திருக்கும் (இப்போது கறுப்புத்திரை ஆக்கிவிட்டீர்கள், நல்ல முன்னேற்றம்). பக்கத்து மேசையில் மகளின் மேக் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நிறுவல் பென் டிரைவ் ஒன்று கிடைத்தால் போதும், படுத்தது எழுந்துவிடும். அதற்கென்றே ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்ற கருவியை இலவசமாகவே தருகிறீர்கள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். உடம்பு தேறியவர்களுக்கு மட்டுமே மருந்து என்று பலகை மாட்டிய ஆஸ்பத்திரியை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

மேக்கிலிருந்து வருபவர்களை நீங்கள் அடையாளம் காணவில்லை என்று சொன்னால் பாவம். உங்கள் விண்டோஸ் 10 பதிவிறக்கப் பக்கம் வந்தவர் யாரென்று பார்த்தே கதவைத் திறந்தது. விண்டோஸ்காரருக்குக் கருவி, மற்றவருக்கு நிறுவல் சரக்கு முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு. இதனால் விண்டோஸில் இருந்துகொண்டே ஐஎஸ்ஓ வேண்டியவர்கள், தங்கள் பிரவுசரை மேக் என்று பொய் சொல்ல வைத்து வாங்கிப் போனார்கள். எங்களுக்கோ பொய் சொல்லும் வேலைகூட இல்லை. ஐந்து ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு கைக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில் மட்டும் எங்கள் சுதந்திரத்தில் நீங்கள் தலையிடுவதில்லை.

லினக்ஸ் ஐஎஸ்ஓ என்றால் டெர்மினலில் ‘டிடி’ என்று ஒரு வரி அடித்தால் அப்படியே டிரைவில் இறங்கிவிடும். மேக்கிலும் இறங்கும், விண்டோஸிலும் அதற்கு வழி உண்டு. உங்கள் ஐஎஸ்ஓவை அப்படி இறக்கினால் டிரைவ் பூட் ஆகாது. ஆகவே கோப்புகளைப் பிரித்துக் கையால் நகலெடுக்க வேண்டும். டிரைவ் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் கணினியைத் துவக்கும் யுஇஎஃப்ஐ விதிப்படி எல்லாக் கணினிகளுக்கும் நிச்சயமாகப் படிக்கத் தெரிந்தது அந்த ஃபேட் குடும்பம்தான். ஃபேட்32 உங்கள் பிள்ளை, 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்போடு பிறந்தது. அதில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கினீர்கள். எனவே எந்தக் கோப்பும் 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் உங்களுடைய ‘இன்ஸ்டால்.விம்’ கோப்பு தாண்டுகிறது. வீட்டு வாசலை அளந்தவரும் நீங்கள்தான், அதில் நுழையாத பீரோவைச் செய்தவரும் நீங்கள்தான்.

விண்டோஸ் 10க்கு உங்கள் கருவி அதே சரக்கை ‘இன்ஸ்டால்.இஎஸ்டி’ என்று இன்னும் இறுக்கிக் கட்டி நான்கு ஜிபிக்குள் அடக்கியது. வித்தை தெரியாமல் இல்லை. பெரிய கோப்பைத் துண்டுபோட ‘டிஸ்ம்’ கட்டளையை உங்கள் ஆவணமே படிப்படியாகச் சொல்லித்தருகிறது. எங்கே அடிப்பது? விண்டோஸில். நிறுவல் டிரைவ் தயாரிக்க வெளியார் எழுதிய அருமையான ரூஃபஸ் இருக்கிறதே என்றால் அதுவும் விண்டோஸில்தான் ஓடுகிறது.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ‘விம்லிப்’ என்ற திறமூல மென்பொருள். மேக்கிலோ லினக்ஸிலோ அதை நிறுவி, 3800 எம்பி என்று அளவு கொடுத்தால் விம் கோப்பை நறுக்கி ‘எஸ்டபிள்யூஎம்’ துண்டுகளாகத் தந்துவிடும். உங்கள் நிறுவல் மென்பொருள் அந்தத் துண்டுகளைப் பார்த்ததும், வெட்டியது யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல், தானே சேர்த்துப் படித்துக்கொள்கிறது. உங்கள் நிறுவனத்திலேயே பெருந்தன்மை மிக்க உறுப்பினர் அதுதான். பதவி உயர்வு தரலாம்.

32 ஜிபி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்ய உங்கள் விண்டோஸ் பல ஆண்டுகள் மறுத்தது. மேக்கும் லினக்ஸும் மறுக்கவில்லை. ஃபார்மட் சாளரத்தை 1990களில் எழுதிய உங்கள் முன்னாள் பொறியாளர் டேவ் பிளம்மர், அது தற்காலிக ஏற்பாடாகவே எழுதப்பட்டது, வரம்பும் அன்று அவர் எடுத்த முடிவுதான் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 2024 ஆகஸ்டில் சோதனைப் பதிப்பு ஒன்றில் அந்த வரம்பை 2 டிபி ஆக்கினீர்கள், கட்டளை வரியில் மட்டும். சாளரத்தின் தற்காலிகத்துக்கு இன்னும் முப்பது ஆண்டு அவகாசம் தரத் தயார்.

லினக்ஸை நேசிப்பதாக 2014இல் மேடையேறி அறிவித்தீர்கள். நாங்கள் நேசம் கேட்கவில்லை. மேக்குக்கும் லினக்ஸுக்கும் அந்த மீடியா கிரியேஷன் டூலை எழுதித் தாருங்கள். எழுத ஆள் இல்லையென்றால் ஐஎஸ்ஓவுக்குள் வைக்கும்போதே விம்மை இரண்டாக வெட்டி வையுங்கள். இரண்டும் முடியாதென்றால், ‘இவரிடம் விண்டோஸ் இல்லை’ என்று எங்களுக்கொரு சான்றிதழ் வழங்குங்கள். அதற்கான விண்ணப்பப் படிவம் விண்டோஸில் மட்டும் திறந்தாலும் பரவாயில்லை, பழகிவிட்டது.

இப்படிக்கு,
விண்டோஸுக்குக் காசு கொடுத்தும் விண்டோஸ் இல்லாதோர்.

நகல்: ஆப்பிள் நிறுவனம், குபர்டினோ. தயவுசெய்து சிரிக்க வேண்டாம். இன்டெல் மேக்கில் இருந்த பூட் கேம்ப்பை ஆப்பிள் சிலிக்கானில் விட்டுவிட்டீர்கள். மேக் ஓஎஸ் நிறுவல் டிரைவ் தயாரிக்கும் உங்கள் ‘கிரியேட் இன்ஸ்டால் மீடியா’வோ மேக்கில் மட்டும்தான் ஓடுகிறது. உங்களுக்கான விண்ணப்பம் தனித் தபாலில் வருகிறது.